ஆற்றோர அடுக்குமாடி வீடு: அறிகுறியை வைத்துக் கோளாறைக் கண்டுபிடிக்கும் வழிமுறை

ஆற்றைப் பார்த்த உயர்மாடி வீடுகளில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவற்றுக்கு மூன்றே காரணங்கள்தான்: காற்றின் அழுத்தம், குழாய்த் தண்ணீரின் அழுத்தம், காற்றிலுள்ள ஈரம். ஆனால் மூன்றும் ஒரே முகத்தோடுதான் வரும். தரையில் ஈரம், சுவரில் கறை, மூலையில் நாற்றம். அதனால் பலரும் முதல் வேலையாகச் சிலிக்கான் டியூபைக் கையில் எடுத்துவிடுகிறார்கள். தண்ணீர் வெளியே போக விட்டிருந்த வழியையே அது அடைத்துவிடுவதுண்டு. எங்கிருந்து வருகிறது என்று தெரியும்வரை எதையும் பூச வேண்டாம்.

கைவசம் வைத்துக்கொள்ள வேண்டியவை: ஈரப்பத மீட்டர், வாஷிங் மெஷின் குழாயில் திருகக்கூடிய 0–10 பார் பிரஷர் கேஜ், டார்ச், டிஷ்யூ பேப்பர், ஃபுட் கலர், ஒரு லிட்டர் பாட்டில்.

காற்றோடு மழை பெய்தால் பால்கனி ஸ்லைடிங் கதவின் அடியில் தண்ணீர் வருகிறது

கதவின் கீழ்த்தடத்தில் தண்ணீர் நிற்பது குறையல்ல. அது அப்படித்தான் வடிவமைக்கப்பட்டது. தடத்தில் விழும் நீர், வெளிப்பக்கம் உள்ள சிறு வடிகால் துளைகள் வழியாகப் பால்கனிக்குப் போக வேண்டும். வீட்டுக்குள் வந்தால் ஒன்று துளை அடைத்திருக்கிறது, இல்லையென்றால் காற்று அந்த நீரைப் பின்னுக்குத் தள்ளுகிறது.

முதலில் துளையைப் பாருங்கள். வெயில் நாளில் தடத்தில் அரை லிட்டர் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். அரை நிமிடத்துக்குள் வெளிப்பக்கத் துளைகளில் நீர் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் தடத்தை வாக்குவம் செய்து, துளைக்குள் பிளாஸ்டிக் கேபிள் டை ஒன்றை நுழைத்துக் கிளறுங்கள். கம்பி வேண்டாம், பவுடர் கோட்டிங் கீறிப்போகும். ஆற்றோர வீடுகளில் உள்ளே அடைத்திருப்பது வெறும் மண்ணாக இருக்காது. விளக்குக்கு வந்து செத்த குட்டிப் பூச்சிகள் ஈரத்தில் ஊறிக் கறுப்புக் களிம்பாகி இருக்கும். துளை மேல் சின்ன மூடி இருந்தால் அதைக் கழற்றிக் கழுவி அதே திசையில் மாட்டுங்கள். சில கதவுகளில் துளைகளைச் சிலிக்கானால் மூடியே வைத்திருப்பார்கள். முன்பு யாரோ "ஒழுகலை அடைத்த" லட்சணம் அது. பிளேடால் வெட்டி எடுத்துவிடுங்கள்.

துளை சுத்தமாக இருந்தும் புயல் காற்றில் மட்டும் வருகிறதென்றால் கணக்கைப் பாருங்கள். மணிக்கு 36 கிலோமீட்டர் காற்று நேராக மோதினால் சுமார் 60 பாஸ்கல் அழுத்தம். அது 6 மில்லிமீட்டர் உயரத் தண்ணீரைத் தாங்கி நிறுத்தும். காற்று 72 கிலோமீட்டர் ஆனால் அழுத்தம் நான்கு மடங்காகி 24 மில்லிமீட்டர். தடத்தின் உள்பக்க விளிம்பு அதைவிடத் தாழ்ந்திருந்தால் துளை எத்தனை இருந்தாலும் தண்ணீர் உள்ளேதான் வரும்.

அந்த நேரத்தில் செய்யக்கூடியது வீட்டுக்குள் உறிஞ்சலைக் குறைப்பது. சமையலறைச் சிம்னியையும் குளியலறை எக்ஸாஸ்ட்டையும் நிறுத்துங்கள். காற்று மோதும் பக்கத்துக்கு எதிர்ப்பக்க ஜன்னல்களையும் சாத்துங்கள். "அழுத்தம் வெளியே போகட்டும்" என்று எதிர்ப்பக்கத்தைத் திறந்து வைப்பவர்கள் உண்டு. அந்தப் பக்கம் காற்று வீட்டை உறிஞ்சுவதால் பால்கனிக் கதவில் நீர் இன்னும் வேகமாக ஏறும்.

நிரந்தரத் தீர்வு இரண்டு. கதவு நடுவில் சேரும் இடத்தில் உள்ள தூரிகைப் பட்டையும் ரப்பர் கேஸ்கெட்டும் தேய்ந்திருந்தால் மாற்றுவது ஒன்று. கதவு தொங்கிவிட்டிருந்தால் உருளையைத் தூக்குவது இன்னொன்று. கதவின் கீழ் ஓரத்தில், பக்கவாட்டில் அல்லது உள்முகத்தில், பிளாஸ்டிக் மூடிக்குள் ஒரு திருகு இருக்கும். ஒருவர் கதவைச் சற்றுத் தூக்கிப் பிடிக்க, அரைச் சுற்றாகத் திருகி, சட்டத்துக்கு இணையாக நிற்கும்வரை சரிசெய்யுங்கள். தடத்தில் எண்ணெயோ கிரீஸோ போடக் கூடாது, தூசியைப் பிடித்துக் கல்லாகிவிடும். உலர் சிலிக்கான் ஸ்பிரே போதும்.

கண்ணாடி வியர்க்கிறது

விரலால் துடைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் துடைத்தால் போகிறது என்பதிலேயே பதில் இருக்கிறது.

வெளிப்பக்கம் துடைத்தால் போகிறது: ஏசி அளவுக்கு மீறிக் குளிர்விக்கிறது. வெளியே 30 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்றால் 25 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்தப் பரப்பிலும் நீர் படியும். ஏசியை 25–26க்கு ஏற்றுங்கள், காற்று வீசும் துடுப்பைக் கண்ணாடியிலிருந்து திருப்புங்கள். கண்ணாடிக்குக் கெடுதல் இல்லை, காட்சிதான் மறையும்.

உள்பக்கம் துடைத்தால் போகிறது: வீட்டு ஈரம் அதிகம். அறை 25 டிகிரி, 60 சதவீத ஈரப்பதம் என்றால் 17 டிகிரிக்குக் கீழே உள்ள கண்ணாடி வியர்க்கும். உள்ளே துணி உலர்த்துவதும், குளித்த பிறகு எக்ஸாஸ்ட் ஓடாததும்தான் வழக்கமான காரணங்கள்.

எந்தப் பக்கம் துடைத்தாலும் போகவில்லை: இரட்டைக் கண்ணாடியின் ஓரச் சீல் போய்விட்டது. உள்ளே துளையிட்டு உலர்த்தும் வைத்தியம் நிலைக்காது. கண்ணாடித் தொகுதியை மட்டும் மாற்றினால் போதும், சட்டத்தைக் கழற்றச் சொன்னால் காரணம் கேளுங்கள். உத்தரவாதக் காலத்துக்குள் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

கண்ணாடி விரிசல் விட்டிருந்தால், விரிசல் ஓரத்தை நேர்க்கோணத்தில் தொட்டுத் தொடங்குகிறதா பாருங்கள். அது வெப்ப விரிசலின் அடையாளம். பாதி வெயில் பாதி நிழல் படும் கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டியதோ, கனமான திரையைக் கண்ணாடியோடு ஒட்டித் தொங்கவிட்டதோ காரணமாக இருக்கும். எந்த ஃபிலிமையும் கண்ணாடித் தயாரிப்பாளரின் ஒப்புதல் இல்லாமல் ஒட்டாதீர்கள்.

ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது

உள்யூனிட்டின் அடியில் சொட்டினால் முன்மூடியைத் திறந்து குளிர்ச்சுருளைப் பாருங்கள். பனிக்கட்டி படிந்திருந்தால் குளிர்விப்பதை நிறுத்தி ஃபேன் மட்டும் ஓடவிட்டுக் கரையவிடுங்கள், ஃபில்டரைக் கழுவுங்கள். மறுபடி பனி பிடித்தால் கேஸ் குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். கசிவைக் கண்டுபிடிக்காமல் கேஸ் மட்டும் நிரப்புவது அடுத்த சீசனுக்கான செலவை இப்போதே ஒப்புக்கொள்வது.

பனி இல்லையென்றால் வடிகுழாய். தட்டில் அரை லிட்டர் ஊற்றுங்கள், ஓரிரு நிமிடத்தில் முழுதும் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் வெளிமுனையிலிருந்து வெட் வாக்குவத்தால் உறிஞ்சினால் ஜெல்லி போன்ற பாசி வரும். குழாய் ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது சரிந்திருக்க வேண்டும். ஃபால்ஸ் சீலிங்குக்குள் தொய்ந்து கிடக்கும் குழாய் எத்தனை முறை கழுவினாலும் அடைக்கும்.

சிம்னி ஓடும்போது மட்டும் களகளவென்று சத்தமும் சொட்டும் வந்தால் குழாய் வழியாகக் காற்று உள்ளே இழுக்கப்படுகிறது, நீர் இறங்க முடியவில்லை. வடிகுழாயில் ட்ராப் (சிறிது நீர் தேங்கி நின்று காற்றைத் தடுக்கும் வளைவு) வைத்தால் தீரும்.

சீலிங்கிலுள்ள காற்றுவாயின் ஓரத்தில் முத்து முத்தாகத் துளிகள் நின்றால் அது ஒழுகல் அல்ல. பால்கனிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே ஏசி போடுவதால் வருவது. கதவைச் சாத்தினால் ஒரு மணி நேரத்தில் நிற்கும். நிற்காவிட்டால் டக்டின் இன்சுலேஷன் விட்டுப்போயிருக்கிறது.

பிற்பகலில் மட்டும் ஏசி நின்று நின்று ஓடினால் வெளியூனிட்டைப் பாருங்கள். முகப்பு அழகாக இருக்க வேண்டும் என்று வெளியூனிட்டுகளை நெருக்கமான பட்டைகளுக்குப் பின்னால் அடுக்கி வைப்பது இந்த வகைக் கட்டடங்களின் வழக்கம். வெளியேறும் சூடான காற்று பட்டையில் மோதித் திரும்பி அதே யூனிட்டுக்குள் போகிறது. யூனிட் உறிஞ்சும் பக்கத்தில் தெர்மாமீட்டர் வைத்து, வெளி நிழலைவிட 5 டிகிரிக்கு மேல் கூடுதலா என்று பாருங்கள். கூடுதலென்றால் சர்வீஸ் செய்து பயனில்லை. பட்டையின் இடைவெளியைக் குடியிருப்போர் சங்கம்தான் மாற்ற வேண்டும்.

அலமாரிக்குப் பின்னால் பூஞ்சை, மரத்தரை மேடு பள்ளம்

ஈரம் சுவரிலிருந்து வருகிறதா, அறைக் காற்றிலிருந்தா? பூஞ்சையைத் துடைத்து உலர்த்திய பிறகு அரை மீட்டர் சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் டேப் ஒட்டிச் சுவரில் பதியுங்கள். 48 மணி நேரம் கழித்துச் சுவரை ஒட்டிய பக்கத்தில் ஈரம் என்றால் சுவருக்குள் கசிவு. அறைப் பக்கத்தில் ஈரம் என்றால் காற்றோட்டக் குறை. இரண்டாவதுதான் என்றால் அலமாரியைச் சுவரிலிருந்து 5 சென்டிமீட்டர் நகர்த்துங்கள், அறை ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டாமல் பாருங்கள், குளித்த பிறகு எக்ஸாஸ்ட்டை 20 நிமிடம் ஓடவிடுங்கள். எக்ஸாஸ்ட்டின் வாயில் டிஷ்யூ பேப்பர் ஒட்டி நிற்காவிட்டால் சீலிங்கைத் திறந்து பாருங்கள். ஃபேன் குழாய் வெளியே இணைக்கப்படாமல் சீலிங்குக்குள்ளேயே ஊதிக்கொண்டிருப்பது புது வீடுகளிலும் உண்டு.

மரப்பலகைகளின் ஓரம் உயர்ந்து நடு குழிந்திருந்தால் அடியிலிருந்து ஈரம் ஏறுகிறது. உடனே தேய்த்துச் சமன் செய்யச் சொல்லாதீர்கள். உலர்ந்ததும் ஓரம் இறங்கும், அப்போது தேய்த்த இடத்தில் நடு மேடாக நிற்கும். பலகைகள் கூரை போல இரண்டிரண்டாக எழும்பியிருந்தால் சுவரோரம் விட வேண்டிய 8–12 மில்லிமீட்டர் இடைவெளி இல்லை. ஸ்கர்ட்டிங்கைக் கழற்றினால் பலகை சுவரில் முட்டி நிற்பது தெரியும்.

ஷவரில் வேகம் இல்லை, அல்லது குழாயில் டமாரென்று சத்தம்

தண்ணீர் 10 மீட்டர் இறங்கினால் ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம் கூடும். மாடிக்கு 3 மீட்டர் என்று வைத்தால் மொட்டைமாடித் தொட்டிக்கு நேர் கீழே உள்ள வீட்டுக்கு 0.3 பார், 20 மாடி கீழே உள்ளவருக்கு 6 பார். அதனால்தான் மேல் மாடிகளுக்கு பூஸ்டர் பம்பும் கீழ் மாடிகளுக்கு அழுத்தம் குறைக்கும் வால்வும் வைக்கிறார்கள். உங்கள் வீடு எந்த வகை என்று தெரியாமல் ஷவரை மாற்றிக்கொண்டிருப்பதில் பொருளில்லை.

வாஷிங் மெஷின் குழாயில் கேஜைத் திருகி, எல்லாக் குழாயையும் மூடிப் படியுங்கள். பிறகு ஷவரைத் திறந்து படியுங்கள்.

மூடியபோது 3 பார், திறந்ததும் ஒன்றுக்குக் கீழே போகிறது: நடுவில் எங்கோ அடைப்பு. மெயின் வால்வு பாதி திறந்திருக்கலாம், அழுத்தம் குறைக்கும் வால்வின் வலையில் துரு இருக்கலாம். வால்வை முழுதும் திறந்து, வலையைச் சுத்தம் செய்யுங்கள்.

அழுத்தம் சரி, ஒரு ஷவர் மட்டும் மந்தம்: சூடு குளிர் கலக்கும் மிக்சரின் உள்வாய்களில் இருக்கும் குட்டி வலைகள். சுவருக்குள் பதித்த மிக்சர் என்றால் முகத்தட்டைக் கழற்றினால் இரண்டு அடைப்புத் திருகுகள் தெரியும். அவற்றை மூடிவிட்டு, சூடு குளிரைக் கலக்கும் உள்பாகமான கார்ட்ரிட்ஜை வெளியே இழுங்கள். சுடுநீர் மட்டும் மந்தமென்றால் கீசரின் உள்வாய் வலையும், நீரைத் திரும்ப விடாத நான்-ரிட்டர்ன் வால்வும்.

மூடியபோதே 5 பாருக்கு மேல்: அழுத்தம் குறைக்கும் வால்வு தேய்ந்திருக்கிறது. கழிப்பறைத் தொட்டி இரவில் தானாகச் சிணுங்குவதும், வாஷிங் மெஷின் தண்ணீரை நிறுத்தும்போது சுவருக்குள் அடிப்பதும் இதன் அறிகுறிகள். உறுதி செய்ய ஒரு நுணுக்கம் உண்டு. இரவு படுக்கும்போது கேஜைப் படித்து வையுங்கள், காலையில் குழாய் திறக்கும் முன் மறுபடி படியுங்கள். ஏறியிருந்தால் அடுத்த இரவு கீசரை அணைத்துவிட்டு அதையே செய்யுங்கள். கீசர் அணைந்தும் ஏறினால் வால்வின் இருக்கை போய்விட்டது, மாற்ற வேண்டும். கீசர் ஓடும்போது மட்டும் ஏறினால் சுடும் தண்ணீர் விரிய இடமில்லை, விரிவுக் கலன் வைக்க வேண்டும். புது வால்வை 3 பாரில் அமையுங்கள். சத்தம் மட்டும் மிச்சமிருந்தால் வாஷிங் மெஷின் குழாயில் அதிர்வு தாங்கி ஒன்று போதும்.

சாக்கடை நாற்றம்

பயன்படுத்தாத விருந்தினர் குளியலறையில் மட்டும் வருகிறதா? தரை ட்ராப்பில் நிற்க வேண்டிய 50 மில்லிமீட்டர் தண்ணீர் காய்ந்துவிட்டது. ஒரு லிட்டர் ஊற்றி, மேலே இரண்டு ஸ்பூன் சமையல் எண்ணெய் விட்டால் ஆவியாவது தாமதப்படும். ஊருக்குப் போகும் முன் எல்லா ட்ராப்பிலும் இதைச் செய்துவிடுங்கள்.

ஊற்றிய தண்ணீர் ஒரே நாளில் காணாமல் போனால், மேல்மாடிக்காரர் ஃப்ளஷ் செய்யும்போது உங்கள் சிங்க் குடிக்கும் சத்தம் போடுகிறதா கவனியுங்கள். போட்டால் மொட்டைமாடியில் உள்ள காற்றுக்குழாய் அடைத்திருக்கிறது. பறவைக் கூடு, வலை, சில நேரம் வேலையாட்கள் விட்டுச்சென்ற சிமென்ட் சாக்கு. பலத்த காற்றில் கழிப்பறைத் தண்ணீர் மேலும் கீழும் ஆடுவது மட்டும் தெரிந்தால் பயப்பட வேண்டாம், காற்றுக்குழாயின் வாயில் காற்று வீசுவதால் வருவது.

சிம்னி போட்டதும் நாற்றமும் வாசல் கதவில் விசிலும் சேர்ந்து வந்தால் இரண்டுக்கும் காரணம் ஒன்றே. வெளியேறும் காற்றுக்கு ஈடாக உள்ளே வர வழியில்லை. ஒரு ஜன்னலை இரண்டு விரல் அகலம் திறந்து பாருங்கள், இரண்டும் நிற்கும். வாசல் கதவின் ரப்பரை இறுக்கினால் விசில் நின்று நாற்றம் கூடும். அது தீத்தடுப்புக் கதவு என்றால் அடிப்பட்டையை வெட்டவோ மாற்றவோ செய்யாதீர்கள்.

குளியலறைக் கூரையில் கறை

எப்போது சொட்டுகிறது என்று இரண்டு நாள் குறித்து வையுங்கள். இரவும் பகலும் ஒரே அளவு என்றால் மேல்வீட்டின் அழுத்தக் குழாய். அவர்கள் குளித்த பிறகு மட்டும் என்றால் வடிகால் அல்லது டைலுக்கு அடியிலுள்ள நீர்த்தடுப்புப் பூச்சு. மழைக்குப் பிறகு மட்டும் என்றால் முகப்பு, மேல்வீட்டாரோடு சண்டை போட வேண்டாம்.

வடிகாலா நீர்த்தடுப்பா என்று பிரிக்க, முதலில் மேல்வீட்டு சிங்கில் ஃபுட் கலர் கலந்த வாளி நீரை ஊற்றுங்கள். கலர் இறங்கினால் குழாய். இறங்காவிட்டால் தரை ட்ராப்பை அடைத்து 25 மில்லிமீட்டர் தண்ணீர் தேக்கி 24 மணி நேரம் வையுங்கள். அப்போது கறை நனைந்தால் நீர்த்தடுப்பு. டைலின் இடுக்கில் பூசுவது தற்காலிகம்தான், டைலை எடுத்து அடியில் போடுவதே தீர்வு.

கூரையில் ஊசி போட்டு ரசாயனம் ஏற்றலாம் என்று யாராவது சொன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: இது இழுவிசைக் கம்பிகள் பதித்த ஸ்லாபா? பெரிய கோபுரங்களில் பலவும் அப்படித்தான். இழுத்துக் கட்டிய கம்பியில் டிரில் பட்டால் ஆளுக்கே ஆபத்து. கம்பி வரைபடத்தைச் சங்கத்திடம் வாங்காமல் ஆழமாகத் துளையிட விடாதீர்கள்.

மழைக்குப் பின் மின்சாரம் ட்ரிப் ஆகிறது

எல்லா எம்சிபியையும் (ஒவ்வொரு மின்சுற்றுக்குமான சுவிட்ச்) இறக்கிவிட்டு 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபியை (மின்கசிவு வந்தால் மின்சாரத்தை வெட்டும் சுவிட்ச்) ஏற்றுங்கள். நின்றால் ஒவ்வொன்றாக ஏற்றுங்கள், எதில் விழுகிறதோ அந்த மின்சுற்றில்தான் கோளாறு. பெரும்பாலும் பால்கனி விளக்கு அல்லது பால்கனி பிளக், உள்ளே நீர் தேங்கியிருக்கும். எல்லாம் இறக்கியும் ஆர்சிசிபி நிற்கவில்லை என்றால் பெரும்பாலும் நியூட்ரல் எங்கோ எர்த்தைத் தொடுகிறது. ஒற்றை எம்சிபி நியூட்ரலைப் பிரிக்காது, ஆகவே அதற்கு மேல் எலக்ட்ரீஷியன் வேலை. ஆர்சிசிபியைத் தவிர்த்து நேராக இணைத்துவிட்டுப் போகிறேன் என்பவரை அனுப்பிவிடுங்கள்.

அந்தியில் பால்கனி முழுக்கக் குட்டிப் பூச்சி

கொசு போலவே இருக்கும், கடிக்காது. ஆற்றுச் சேற்றில் புழுவாக வளர்ந்து கூட்டமாக வெளிவரும் வகை. மருந்தடித்துத் தீராது, ஆறு இருக்கும்வரை வரும். பொழுது சாயும் நேரத்தில் பால்கனி விளக்கை அணையுங்கள், வெள்ளை விளக்குகளை 2700 கெல்வினுக்குக் கீழான மஞ்சளுக்கு மாற்றுங்கள், உள்ளே திரையை இழுங்கள். முகப்பில் சிலந்தி வலை பெருகியிருப்பதும் இதனால்தான். கடிக்கிறது என்றால் வேறு வகை. சாதாரண கொசு வலையின் 1.2 மில்லிமீட்டர் கண்ணுக்குள் அது நுழையும், இன்னும் நெருக்கமான வலை வேண்டும்.

கதவைச் சாத்தினால் மொபைல் சிக்னல் போய்விடுகிறது என்ற புகாருக்கும் பெரும்பாலும் கண்ணாடிதான் காரணம். வெப்பம் தடுக்கும் கண்ணாடியின் உலோகப் பூச்சு சிக்னலையும் தடுக்கிறது. வைஃபை காலிங்கை இயக்கிக்கொள்வதே சுலபம்.

ஆறு உயரும்போது தரைத்தளக் கழிப்பறை களகளக்கிறது

இதைத்தான் தள்ளிப்போடக் கூடாது. தெருச் சாக்கடை நிரம்பிப் பின்னுக்குத் தள்ளத் தொடங்கியதன் முதல் அறிகுறி அது. கட்டடத்தின் வெளிக்குழாயில் எதிரோட்டத் தடுப்பு வால்வு இருந்தால் அது மூடிக்கொள்ளும், அல்லது ஆள் போய் மூட வேண்டும்.

வால்வு மூடியதும் பலரும் மறக்கும் ஒன்று நடக்கிறது. தெருத் தண்ணீர் உள்ளே வராது, ஆனால் உள்தண்ணீரும் வெளியே போகாது. 30ஆவது மாடியில் ஒருவர் குளித்தால் அந்த நீர் கீழே இறங்கித் தரைத்தள வீட்டின் தரை ட்ராப் வழியே எழும்பும். ஆகவே வால்வு மூடியிருக்கும் நேரம் முழுக்க எல்லா மாடியிலும் ஃப்ளஷ், ஷவர், வாஷிங் மெஷின் நிற்க வேண்டும். சங்கம் இதைக் குழுவில் எழுதிப் போடுவதோடு நிற்காமல் பூஸ்டர் பம்பையும் தொட்டியின் கீழிறங்கு வால்வையும் நிறுத்துவதே உறுதி. தீயணைப்புக் குழாயின் வால்வை மட்டும் தொடக் கூடாது.

அதே நேரத்தில் லிஃப்டுகளை அடித்தளத்திலிருந்து எடுத்து இரண்டாம் மாடிக்கு மேல் நிறுத்தி அணைத்துவிடுங்கள். அடித்தள வடிகால் பம்பின் மிதவையைக் கையால் தூக்கிப் பாருங்கள், பம்ப் உடனே ஓட வேண்டும். பம்ப் நின்றதும் அதன் குழியில் மட்டம் சட்டென்று மறுபடி ஏறினால் நான்-ரிட்டர்ன் வால்வு திறந்தபடி சிக்கி, தள்ளிய தண்ணீரே திரும்ப இறங்குகிறது. கார்களை வெளியே எடுப்பது தரை உலர்ந்திருக்கும்போது மட்டும். சரிவுப்பாதையில் நீர் இறங்கத் தொடங்கிய பிறகு யாரையும் கீழே அனுப்பாதீர்கள்.

நீர் வடிந்ததும் லிஃப்டை இயக்கிப் பார்க்கும் ஆசை எல்லாருக்கும் வரும். லிஃப்ட் குழிக்குள் நீர் இருந்ததா என்று லிஃப்ட் கம்பெனி ஆள் இறங்கிப் பார்த்து, அங்குள்ள பஃபரும் (லிஃப்டின் மோதலைத் தாங்குவது) சுவிட்சும் உலர்ந்ததென்று எழுதிக் கொடுக்கும்வரை படிதான். அடித்தளத்து மின்பலகையில் நீர் பட்டிருந்தால் துடைத்துவிட்டு ஏற்றுவது கூடாது. நனைந்த பிரேக்கர்களை மாற்றி, கேபிளின் இன்சுலேஷனை மெகர் வைத்து அளந்த பிறகே ஏற்ற வேண்டும்.